அடிக்கடி கண்டுபிடிக்கப்படும் பூமி

2008 அக்டோபரில் கிரீமியாவின் யெவ்பதோரியாவில் இருக்கும் 70 மீட்டர் ரேடியோ ஆண்டெனாவிலிருந்து வானத்துக்கு ஒரு கடிதக்கட்டு போனது. பீபோ என்ற சமூக வலைத்தளத்தில் ஆட்களைக் கேட்டு வாங்கித் தேர்ந்தெடுத்த 501 செய்திகளும் படங்களும். போய்ச்சேர வேண்டிய இடம், துலாம் விண்மீன் கூட்டத்தில் 20 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் கிளீஸ் 581 என்ற மங்கலான சிவப்பு விண்மீன். அதைச் சுற்றும் ‘சி’ என்ற கோளில் தண்ணீர் ஆவியாகாமலும் உறையாமலும் இருக்கக்கூடும் என்று 2007இல்தான் ஐரோப்பிய வானியலாளர்கள் அறிவித்திருந்தார்கள். கடிதம் 2029இல் போய்ச்சேரும்.

அது கிளம்புவதற்கு முன்பே சி கோளின் மவுசு குறையத் தொடங்கிவிட்டது. அங்கே விழும் வெயிலைக் கணக்குப் போட்டவர்கள், அது வெள்ளிக் கோளைப் போல வெந்து கிடக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். நம்பிக்கை அடுத்திருந்த ‘டி’க்கு மாறியது. 2010 செப்டம்பரில் அமெரிக்கக் குழு ஒன்று ‘ஜி’யைக் கொண்டுவந்தது. குழுவின் தலைவர்களில் ஒருவரான ஸ்டீவன் வோக்ட், அங்கே உயிர் இருக்க நூறு சதவீத வாய்ப்பு உண்டு என்பது தன் சொந்தக் கருத்து என்று செய்தியாளர்களிடம் சொன்னார். 2014இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு டி, ஜி இரண்டுமே இல்லை என்றது. விண்மீனின் மேற்பரப்பில் இருந்த காந்தக் கொந்தளிப்பு, அது சுழலும்போது கருவியில் பதித்த தடுமாற்றத்தைத்தான் இரண்டு கோள்களாகப் படித்திருக்கிறார்கள். கண்டுபிடிப்புச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. காணாமல் போன செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

பிரபஞ்சத்தில் நம் பூமியைப் போல எத்தனையோ பூமிகள் உண்டு, சிலவற்றைக் கண்டுபிடித்தும் விட்டார்கள் என்பது இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய மறுபேச்சில்லாத கருத்து. பள்ளிக் கண்காட்சியில் சொல்கிறார்கள், தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், டீக்கடையிலும் சொல்கிறார்கள். சந்தேகப்படுகிறவனைப் பழமைவாதி என்று பார்க்கிறார்கள். இதில் இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற முதல் கூற்று பொய். ‘இல்லாமல் இருக்கவே முடியாது’ என்ற இரண்டாவது, எண்களை உடுத்திக்கொண்டு வரும் நம்பிக்கை. வேறு பூமி கிடையாது என்று நான் வாதிட வரவில்லை. அதற்கும் யாரிடமும் சான்று இல்லை. இந்த விஷயத்தில் இவ்வளவு உறுதியோடு பேச எவருக்கும் உரிமை வந்துவிடவில்லை என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுவோம். கோள்கள் அரிதானவை என்று ஒரு காலத்தில் நினைத்தவர்கள் தோற்றுவிட்டார்கள். 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனை நான்கே நாளில் சுற்றிவரும் ஒரு வாயுக்கோளைக் கண்டார்கள். 2019இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். 2025 செப்டம்பரில் நாசாவின் பட்டியல் 6,000 கோள்களைத் தொட்டது. விண்மீன் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கோளும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே இப்போது நியாயம். இதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கோள் வேறு, பூமி வேறு. அந்த 6,000இல் எத்தனை பூமி?

கேள்வியைக் கொஞ்சம் இறுக்கிக் கேட்கலாம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன். அதை ஏறக்குறைய ஓராண்டில் சுற்றிவரும், பூமியின் அளவுள்ள ஒரு பாறைக்கோள். காற்று வேண்டாம், கடல் வேண்டாம், உயிர் வேண்டவே வேண்டாம். அளவும் இடமும் மட்டும் பொருந்தினால் போதும். இப்படி ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியான கோள் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

தேடாமல் இல்லை. இதைத் தேடுவதற்கென்றே 2009 மார்ச்சில் கெப்ளர் தொலைநோக்கியை ஏவினார்கள். அன்னம், யாழ் விண்மீன் கூட்டங்களுக்கு நடுவே ஒரே திசையில், சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களை அது இமைக்காமல் பார்த்தது. ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி துளி குறையும். அந்தக் குறைவைப் பிடிப்பதுதான் அதன் வேலை. தூரத்தில் இருக்கும் ஒருவர் நம் சூரியனை இப்படிப் பார்த்தால், பூமி கடக்கும்போது ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, 13 மணி நேரம் மட்டும். கோளின் பாதை நம் பார்வைக் கோட்டோடு சரியாகப் பொருந்தினால்தான் இதுவும் தெரியும். பூமி போன்ற பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் ஏறக்குறைய இருநூறில் ஒன்று. தற்செயல் இல்லை என்று நம்பக் குறைந்தது மூன்று கடப்புகளாவது வேண்டும். ஆக, மூன்று ஆண்டுகள்.

திட்டத்தை வகுத்தவர்கள் மற்ற விண்மீன்களும் சூரியனைப் போல அமைதியாக எரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அவை அதைவிட அதிகமாகத் துடித்தன. அந்தத் துடிப்புக்கு அடியில் 84 பங்கைத் தேட நான்கு ஆண்டு போதாது, எட்டு ஆண்டு வரை வேண்டும் என்றானது. நான்காவது ஆண்டில், 2013 மே மாதத்தில், தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவைக்கும் சுழற்சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. அன்னத்தைப் பார்த்த பார்வை அத்தோடு நின்றது. பிறகு வேறு திசைகளை முறை வைத்துப் பார்த்து, 2018இல் எரிபொருள் தீர்ந்து ஓய்வுபெற்றது. கெப்ளர் 2,600க்கு மேற்பட்ட கோள்களைத் தந்திருக்கிறது, வானியலையே திருப்பிப் போட்டிருக்கிறது. எந்தக் கேள்விக்காகப் போனதோ அந்த ஒன்றுக்கு மட்டும் விடை கொண்டுவரவில்லை.

அப்படியானால் 2015 ஜூலையில் ‘பூமியின் மூத்த உறவினர்’ என்று நாசாவே அறிமுகப்படுத்திய கெப்ளர்-452பி என்ன ஆனது என்று கேட்பீர்கள். சூரியனை ஒத்த விண்மீன், 385 நாள் ஆண்டு, சுமார் 1,800 ஒளியாண்டுத் தொலைவு. கேட்கத் தேன் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதன் ஆரம் பூமியின் ஆரத்தைப் போல 1.6 மடங்கு. அந்த அளவைத் தாண்டிய கோள்களில் பெரும்பாலானவை பாறையாக இருப்பதில்லை, கனத்த வாயுப் போர்வையோடு இருக்கின்றன என்பதை அதே ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 452பி அந்த விளிம்பில் நிற்கிறது. பாறையா, வாயுவா என்று சொல்ல நிறை தெரிய வேண்டும். அதன் நிறை இன்றுவரை அளக்கப்படவில்லை.

அதோடு போகவில்லை. கெப்ளர் தொலைநோக்கி தானே சூரியனை 372 நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன்னைச் சுழற்றித் திருப்பிக்கொண்டது. இதனால் சில விண்மீன்களின் ஒளி ஆண்டுக்கு ஒருமுறை கருவியின் பழுதான மூலையில் போய் விழும். ஒளி குறைந்தது போலக் காட்டும். ஓராண்டை ஒட்டிய சுற்றுக்காலம் உள்ள ‘கோள்’களில் போலிகள் குவிந்து கிடப்பது இதனால்தான். 2018இல் கெப்ளர் குழுவிலேயே பணியாற்றிய ஃபெர்கல் முல்லாலியும் சகாக்களும் 452பியை எடுத்து ஆராய்ந்து, இப்படிப்பட்ட மெல்லிய சமிக்ஞையைக் கருவியின் பிழையிலிருந்து பிரித்து 99 சதவீத உறுதி சொல்ல வழியில்லை, வேறொரு முறையில் பார்த்து உறுதி செய்யாதவரை இதைக் கோளாகப் பதியக்கூடாது என்று எழுதினார்கள். அந்த 452பிதான் இன்றைக்கும் யூடியூப் காணொளிகளில் நீலக் கடலோடும் வெண்மேகத்தோடும் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தப் படம் ஓவியரின் கற்பனை என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வாழ்தகு மண்டலம் என்கிறார்களே, அது என்ன? ஒரு கோளில் நமக்குள்ளது போன்ற காற்று இருக்குமானால் அதன் தரையில் தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவு, அவ்வளவுதான். ‘இருக்குமானால்’ என்பதில்தான் முழு பாரமும் தொங்குகிறது. இதைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். வெள்ளியின் ஆரம் பூமியில் 95 சதவீதம். நிறை 81 சதவீதம். இரண்டும் ஒரே மேகத்திலிருந்து, ஒரே காலத்தில் பிறந்தவை. வேற்றுலக வானியலாளர் ஒருவர் கெப்ளர் போன்ற கருவியால் நம்மைப் பார்த்தால் அவருக்கு இங்கே இரண்டு பூமிகள் தெரியும். இன்னும் வேடிக்கை, வெள்ளி தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை மேகத்தாலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் சூரியனுக்கு அருகில் இருந்தும், அது உள்வாங்கும் வெப்பம் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. வெறும் வெயில் கணக்கைப் பார்த்தால் வெள்ளி குளிர்ந்து கிடக்க வேண்டும். அதன் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல், அழுத்தம் நம்மைப் போலத் தொண்ணூறு மடங்கு, மேகம் கந்தக அமிலம். 1982இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 13, 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதையே சாதனை என்கிறார்கள்.

நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1918இல் வெள்ளியை ஈரம் சொட்டும், தாவரம் செழித்த உலகமாக வருணித்தார். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று முதலில் கணக்குப் போட்ட அதே மனிதர்தான். அறிவு குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. அளவும் தொலைவும் மட்டும் கையில் இருந்தால் அறிவாளிகளும் இப்படித்தான் நிரப்பிக்கொள்வார்கள். 1962இல் மரினர் 2 விண்கலம் அருகில் போய் அளக்கும்வரை அந்த ஈர உலகம் பலர் மனதில் உயிரோடு இருந்தது. நமக்கு அடுத்த வீடு அது. 1,800 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதைப் பற்றி நாம் எந்த முகத்தோடு பேசுகிறோம்?

அளவும் தொலைவுமே போதுமென்று எண்ணி ஒரு மதிப்பெண் முறையும் செய்துவைத்திருக்கிறார்கள். பூமி ஒப்புமைக் குறியீடு என்று பெயர்; பூமிக்கு 1. 2019இல் டீகார்டன் விண்மீனின் ‘பி’ கோளுக்கு 0.95 கிடைத்தது, உடனே ‘95 சதவீதம் பூமி’ என்று செய்திகள் வந்தன. அந்தக் கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடப்பதே தெரியவில்லை. அதனால் அதன் ஆரத்தை யாரும் அளந்ததில்லை. அளக்காத ஆரத்தை ஊகித்துப் போட்ட மதிப்பெண் அது.

சூரியன் போன்ற விண்மீன்களில் கிடைக்காததால் தேடல் சிவப்புக் குள்ளர்கள் பக்கம் திரும்பியது. இவை சிறியவை, மங்கலானவை. கோள் நெருங்கிச் சுற்றும், ஒளி அதிகமாகக் குறையும், கண்டுபிடிப்பது சுலபம். கிளீஸ் 581, 2014இல் வந்த கெப்ளர்-186எஃப், 2016இல் வந்த பிராக்சிமா பி, 2017இல் ஏழு கோள்களோடு வந்த டிராப்பிஸ்ட்-1, டீகார்டன் எல்லாம் இந்த வகை. இன்று ‘பூமி போன்றது’ என்று சொல்லப்படும் கோள்களில் பெரும்பகுதி இவற்றைத்தான் சுற்றுகிறது. பிராக்சிமா 4.24 ஒளியாண்டில் இருக்கும் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன். அதன் கோளுக்கு ஓராண்டு என்பது 11 நாள். 2016 மார்ச்சில், கோளின் அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பு, அந்த விண்மீன் ஒருமுறை சீறியது. அதன் ஒளி 68 மடங்கு கூடி, தொலைநோக்கி இல்லாமல் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வந்தது. நம் சூரியனிலிருந்து பூமிக்குள்ள தொலைவில் இருபதில் ஒரு பங்கில் நின்றுகொண்டு அந்தச் சீற்றத்தை வாங்கும் கோளை ‘பக்கத்து பூமி’ என்று அழைப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

டிராப்பிஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நேரடியாகவே பார்த்தது. முதல் கோளான பியின் பகல்பக்கம் ஏறக்குறைய 230 டிகிரி. வெப்பத்தைச் சுற்றிக் கொண்டுபோகும் காற்று இருப்பதற்கான தடயம் இல்லை. அடுத்த கோளான சி, வெயில் அளவில் வெள்ளிக்கு நெருங்கியது. வெள்ளியைப் போன்ற கனத்த கரியமிலக் காற்று அங்கே இல்லை என்று 2023இல் தெரிந்தது. நடுவிலிருக்கும் இ கோளைப் பற்றி இன்னும் ஒன்றும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்பதைத் தலைப்பாக்க எந்தப் பத்திரிகைக்கும் மனம் வருவதில்லை. 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றி வந்த தலைப்புகள் நினைவிருக்கும். கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, கடல் பாசியினம் இங்கே வெளியிடும் ஒரு கந்தகச் சேர்மத்தின் சாடை அங்கே தெரிவதாக அறிவித்தது. அறிவியலில் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளும் உறுதிக்கு வெகு கீழேதான் அது நின்றது; அவர்களே அதை எழுதியும் இருந்தார்கள். அதே தரவை எடுத்து ஆராய்ந்த மற்றக் குழுக்களுக்குச் சாடை பிடிபடவில்லை. கோளின் நிறையோ பூமியைப் போல எட்டரை மடங்கு.

சரி, கண்டுபிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள் ஐயா என்பார்கள். பால்வெளியில் மட்டும் பத்தாயிரம் கோடியிலிருந்து நாற்பதாயிரம் கோடி விண்மீன். பால்வெளிகளே கோடிக்கணக்கில். இத்தனையில் ஒன்றுகூட இராதா? இதுதான் இந்த நம்பிக்கையின் முதுகெலும்பு, இதைத்தான் முறிக்க வேண்டியிருக்கிறது. பெரிய எண் தனியாக எதையும் நிரூபிக்காது. அதை எந்தச் சிறிய எண்ணால் பெருக்குகிறோம் என்பதில்தான் சங்கதி. ஒரு கோள் பூமியாக மாறப் பத்து நிபந்தனை வேண்டும் என்று கற்பனை செய்யுங்கள். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு கோளுக்கு வாய்க்கும் என்றால், ஆயிரம் கோடியில் ஒன்று தேறும்; நம் பால்வெளியில் பத்துப் பூமி கிடைக்கும். ஒவ்வொன்றும் நூறில் ஒன்று என்று மாற்றுங்கள்; நூறு கோடி பால்வெளிகளைச் சலித்தால் ஒன்று கிடைக்கும். பத்து நிபந்தனை என்பது நான் போட்ட கணக்கு, உண்மை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பத்துக்கும் நூறுக்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவரை விண்மீன் எண்ணிக்கையைச் சொல்லி வாயடைக்க வழி கிடையாது.

எண்ணைக் காட்டி நம்ப வைக்கும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஸ்காட்லாந்தின் தாமஸ் டிக் 1830களின் இறுதியில் சூரியக் குடும்பத்தின் மக்கள்தொகையைக் கணக்கிட்டு அச்சிட்டார். இங்கிலாந்தில் அப்போது சதுர மைலுக்கு 280 பேர். ஒவ்வொரு கோளின் பரப்பையும் நிலவுகளின் பரப்பையும் சனியின் வளையங்களையும் அந்த 280ஆல் பெருக்கினார். வந்த விடை சுமார் 22 லட்சம் கோடி பேர். கூட்டலிலோ பெருக்கலிலோ பெரிய குறை சொல்ல முடியாது. சனியின் வளையத்தில் ஆளிருப்பார்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்றைய கணக்கு அதைவிட நேர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் அது பத்திரிகைக்கு வரும் வழியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2013இல் பெட்டிகுரா, ஹோவர்ட், மார்சி மூவரும் கெப்ளர் பார்த்த 42,557 விண்மீன்களை அலசினார்கள். 603 கோள்கள் கிடைத்தன. அவற்றில் ‘பூமி அளவு, வாழ்தகு மண்டலம்’ என்ற பெட்டிக்குள் விழுந்தவை 10. தவறவிட்டவை எத்தனை என்று கணித்துக் கூட்டி, சூரியன் போன்ற விண்மீன்களில் 22 சதவீதத்துக்கு இத்தகைய கோள் உண்டு என்றார்கள். உலகம் அதை ‘ஐந்தில் ஒரு விண்மீனுக்கு ஒரு பூமி’ என்று வாசித்தது. பால்வெளியில் 4,000 கோடி பூமி என்றும் எழுதினார்கள். அந்தப் பெட்டியின் விளிம்புகள் எங்கே? ஆரம் பூமியைப் போல இரண்டு மடங்கு வரை. வெயில் பூமிக்கு வருவதில் கால் பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை. நம் சூரியக் குடும்பத்தில் அது வெள்ளிக்கும் வெகு உள்ளே தொடங்கி செவ்வாயையும் தாண்டி முடிகிறது. அவ்வளவு அகலமான பெட்டியில் 10 கோள். அவற்றில் ஓராண்டை ஒட்டிய சுற்றுக்காலமும் பூமியின் அளவும் சேர்ந்து வாய்த்தது எதுவும் இல்லை. அந்த மூலையை, குறுகிய சுற்றுக்காலம் கொண்ட கோள்களின் போக்கை நீட்டித்து நிரப்பினார்கள். நீட்டித்தோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாம்தான் படிக்கவில்லை.

இந்த நீட்டிப்பு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு 2011இலேயே சாட்சி இருக்கிறது. கெப்ளரின் முதல் சில மாதத் தரவை வைத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, சூரியன் போன்ற விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குத்தான் பூமி போன்ற கோள் என்றது. இன்னொன்று நூற்றுக்கு 34 என்றது. தரவு ஒன்றே. இரண்டு கட்டுரைகளும் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியவை. ஒரே கட்டடத் தொகுதிக்குள் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! இப்படி அசையும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று மேடையில் முழங்குவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து கோப்பர்நிக்கஸைக் கூட்டிவருவார்கள். பூமி மையம் என்றோம், பொய்த்தது. சூரியன் மையம் என்றோம், பொய்த்தது. நாம் தனி என்று எண்ணும்போதெல்லாம் அடி வாங்கியிருக்கிறோம், எனவே நாம் சராசரிதான், எனவே நம்மைப் போல நிறைய இருக்கும். கேட்க அடக்கமான வாதம். ஆனால் நாம் சராசரியா இல்லையா என்பதை இப்போது அளந்து பார்க்கலாம், கோள் பட்டியல் கையில் இருக்கிறது. விண்மீன்களில் முக்கால்வாசி சிவப்புக் குள்ளர்கள். சூரியன் வகை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கெப்ளர் அதிகமாகக் கண்ட கோள்வகை பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவு. அந்த அளவில் நம் குடும்பத்தில் ஒரு கோள்கூட இல்லை. பல விண்மீன்களில் புதன் சுற்றும் பாதைக்கும் உள்ளே மூன்று நான்கு கோள்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. நமக்கு அங்கே வெறும் வெளி. வியாழன் போன்ற பெரிய கோள் எட்டத்தில் நிதானமாகச் சுற்றும் அமைப்பு பத்தில் ஒன்று அளவுக்குத்தான். சராசரி வாதம் நம் சூரியக் குடும்பத்தைப் பற்றி முன்கூட்டிச் சொன்ன பலவும் பொய்த்துவிட்டன. முப்பது ஆண்டு கோள் வேட்டையின் பெரிய பாடமே அதுதான். அந்தப் பாடத்தை நடத்திய கருவிகளையே சாட்சியாக நிறுத்தி ‘நாம் சராசரி’ என்று சொல்வது வினோதமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் கேள்வி கேட்க இங்கே இருக்கிறோம் என்பதே, பூமி வாய்த்த இடத்தில்தான் நாம் இருக்க முடியும் என்பதால். பூமி பிரபஞ்சத்துக்கே ஒன்றாக இருந்தாலும் நாம் அந்த ஒன்றில்தான் உட்கார்ந்து, ‘இது சாதாரணமாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். கையில் ஒரே ஒரு மாதிரி. அதையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அது நம்மைத் தேர்ந்தெடுத்தது. இதிலிருந்து எத்தனை என்று கணக்கிட எந்தப் புள்ளியியலும் உதவாது.

பூமியே எப்போதும் பூமியாக இருந்ததில்லை என்பதையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் 450 கோடி ஆண்டு வாழ்வில் முதல் பாதி முழுக்கக் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்புதான் நீலப்பச்சை நுண்ணுயிர்களின் தயவில் கொஞ்சம் ஏறியது. விலங்குகள் மூச்சுவிடும் அளவுக்கு வந்தது இதிலும் கடைசி அறுபது எழுபது கோடி ஆண்டில்தான். அதற்குச் சற்று முன்பு இரண்டு முறை கோள் முழுவதும் ஏறக்குறையப் பனியால் மூடிக்கொண்டது. எரிமலைகள் கக்கிய கரியமில வாயு சேர்ந்து சேர்ந்துதான் அதை மீட்டது. அந்த வாயுவை மழை பாறையில் கரைத்துக் கடலுக்கு இழுத்துப்போவதும், கண்டத்தட்டுகள் அதை உள்ளே விழுங்கி எரிமலை வழியாகத் திருப்பித் தருவதும் நடந்துகொண்டே இருப்பதால்தான், சூரியன் பிறந்ததிலிருந்து முப்பது சதவீதம் பிரகாசம் கூடியும் நாம் வேகாமல் இருக்கிறோம். கண்டத்தட்டு நகர்வு நமக்குத் தெரிந்த வேறெந்தக் கோளிலும் இன்று நடக்கவில்லை. வெள்ளியில் இல்லை, செவ்வாயில் இல்லை. மற்ற விண்மீன்களின் கோள்களில் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி எதுவும் யாரிடமும் இல்லை.

‘அரிய பூமி’ என்ற பெயரில் பீட்டர் வார்டும் டொனால்ட் பிரவுன்லீயும் 2000இல் புத்தகம் எழுதி இந்த வாதத்தைப் பரப்பினார்கள். அவர்கள் பக்கமும் நான் முழுதாகச் சாயவில்லை. நிலவு இல்லாவிட்டால் பூமியின் அச்சு தறிகெட்டு ஆடும், உயிர் தாங்காது என்பது அவர்களுக்குப் பிடித்த வாதங்களில் ஒன்று. 2012இல் வந்த கணக்கீடுகள் அந்த ஆட்டம் முன்பு நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று காட்டின. ‘இல்லை’ என்பவர்களும் ‘உண்டு’ என்பவர்களைப் போலவே அவசரக்காரர்கள்தாம்.

சந்தேகம் எழுப்பினால் மத முத்திரை குத்துவது இன்னொரு வழக்கம். வேறு உலகங்கள் உண்டு என்று சொல்லி, 1600இல் ரோமில் எரிக்கப்பட்ட புருனோவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வரலாற்றை முழுதாகப் புரட்டினால் சங்கடம் வரும். 1853இல் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹ்யூவெல், சூரியக் குடும்பத்தின் மற்றக் கோள்களில் மனிதரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்று வாதிட்டுப் புத்தகம் எழுதினார். மறு ஆண்டே அவரைத் தாக்கி எழுதிய டேவிட் புரூஸ்டர், கடவுள் வியாழனைப் போன்ற பெரிய உலகத்தை வீணாகவா படைத்திருப்பார் என்று கேட்டார். ஒளியியலில் பெரும் பெயர் பெற்றவர் புரூஸ்டர். பக்தி அன்று ‘நிறைய உலகம் உண்டு’ என்ற பக்கத்தில்தான் இருந்தது. நம் பக்கத்திலும் குறைவில்லை. மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் எண்ணற்ற அண்டங்களைப் பாடிவிட்டார், நாசா இப்போதுதான் கண்டுபிடிக்கிறது என்று பேசாத மேடை உண்டா? இறைவனின் பெருமைக்கு முன் அண்டங்களை அணுவாக்கிக் காட்டிய கவிஞரைக் கோள் கணக்கெடுப்புக்குச் சாட்சியாக இழுப்பது அவருக்கும் அவமரியாதை, வானியலுக்கும் அவமரியாதை.

இந்தப் பூமியைக் கெடுத்துவிட்டால் இன்னொரு பூமிக்குக் குடிபோகலாம் என்பவர்களோடு நீண்ட வழக்காடத் தேவையில்லை. விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடும் வாயேஜர் 1 விண்கலத்துக்கு, பிராக்சிமாவின் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

உண்மையில் வேறு பூமி உண்டா என்பதற்கு எப்படி விடை கிடைக்கும்? நிறையை அளக்க, கோள் தன் விண்மீனை இழுக்கும் இழுப்பைப் பார்க்க வேண்டும். வியாழன் சூரியனை விநாடிக்கு 12 மீட்டருக்குச் சற்றே மேலான வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பது விநாடிக்கு 9 சென்டிமீட்டர். சூரியப் பரப்பில் கொதிக்கும் வாயு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த 9 சென்டிமீட்டரைப் பிரிக்க வேண்டும். கருவிகள் அதை நெருங்குகின்றன, எட்டவில்லை. ஐரோப்பாவின் பிளேட்டோ விண்கலம் 26 கேமராக்களோடு அடுத்து போகவிருக்கிறது. கெப்ளர் விட்ட இடத்தில், பிரகாசமான அருகிலுள்ள விண்மீன்களில், ஆரத்தையும் ஆண்டையும் அளக்கும். காற்றைப் பார்க்க விண்மீனின் ஒளியை மறைத்து, அதைவிட ஆயிரம் கோடி மடங்கு மங்கலான கோளின் ஒளியைத் தனியே பிடிக்க வேண்டும். அதற்கென அமெரிக்கா திட்டமிடும் பெரிய விண்வெளித் தொலைநோக்கி 2040களுக்கு முன் பறக்காது.

அந்தத் தொலைநோக்கிக்கு இலக்காக வைத்திருக்கும் எண் 25. ஏன் 25 என்பதில்தான் இந்தக் கட்டுரையின் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. வாழ்தகு மண்டலத்தில் உள்ள சுமார் 25 கோள்களையாவது நேராகப் பார்த்தால்தான், ஒன்றும் அகப்படாவிட்டாலும் அந்த வெறுமைக்குப் பொருள் இருக்கும். இருபத்தைந்திலும் ஒன்றுமில்லை என்றால், இப்படிப்பட்ட கோள்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மேல் உயிரின் தடயம் இருக்க வாய்ப்பில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அவ்வளவுதான் சொல்லலாம். திட்டம் வகுப்பவர்கள் வெறும் கையோடு திரும்பும் சாத்தியத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் கண்ணாடியின் விட்டத்தை முடிவு செய்கிறார்கள்.